மல்லாட்டை மூட்டை இருந்த இடத்தில்

என் அத்தை கார் பந்தயத்தில் ஓட்டப்போகிறாள் என்று ஐந்தாம் வகுப்பில் நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அத்தையைத் தெருவில் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்ற வழியில்லை. வேங்கிக்காலில் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் சுடிதாரும் டிபன் பாக்ஸுமாகப் போவாள், மாலையில் நகக்கண்ணில் கிரீஸோடு திரும்புவாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். வயது இருபத்தாறு. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் 'பொண்ணு கம்பெனியில வேல செய்யுது' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அம்மா எங்கள் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

அப்பா டாக்ஸி ஓட்டுகிறவர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவர் பிழைப்பு. அவருடைய பழைய வெள்ளைக் கார் ஒன்று சவாரிக்கு லாயக்கில்லாமல் போய், வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் கோழிகள் அடைய இடமாக நின்றிருந்தது. அத்தை அதைக் கேட்டாள். அப்பா மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். தங்கை சின்ன வயதில் கேட்ட பொம்மைக் காரை இருபது வருஷம் தாமதமாகக் கொடுப்பதாக நினைத்திருப்பார் போலும்.

அந்தக் காரை அத்தை என்ன செய்தாள் என்று முழுக்கச் சொல்ல எனக்குத் தெரியாது. விபத்தில் நசுங்கிய ஒரு வேனின் எஞ்சின் அதற்குள் வந்தது. பின் சீட்டு வெளியே போனது. சீட்டைப் பூட்டியிருந்த இரும்புப் பட்டிகள் மட்டும் தகரத் தரையில் துருத்திக்கொண்டு நின்றன. பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுழலும்படி பூட்டினாள். கூட உதவியது அவளோடு சர்வீஸ் நிலையத்தில் வேலை செய்த ஒருவர். அவரை நான் மெக்கானிக் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

பந்தயம் என்றதும் வட்டமாகச் சுற்றி வருவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நேர் ரோட்டில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். நானூறு மீட்டரில் எல்லாம் முடிந்துபோகும். இவ்வளவுதானா என்று நான் கேட்டதற்கு அத்தை, "கெளம்பற அந்த ரெண்டு செகண்டுதான் பாப்பா பந்தயமே. மீதி சும்மா போறதுதான்" என்றாள்.

அந்த இரண்டு செகண்டுதான் வண்டிக்கு வரவில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி அப்போது புதிதாக மனை போட்டிருந்தார்கள். வீடு ஒன்றும் வரவில்லை, தார் ரோடு மட்டும் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கேதான் ஓட்டிப்பார்ப்பார்கள். அத்தை அழுத்துவாள்; கார் உறுமும்; ஆனால் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகையைக் கக்கும். வண்டி மாடு முரண்டுபண்ணுவது மாதிரி குதித்துக் குதித்து, கோணிக்கொண்டு நகரும். மெக்கானிக் அண்ணன் கீழே படுத்து அதைப் போனில் படம் பிடிப்பார். பிறகு இருவரும் தலையோடு தலை முட்ட அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் முறுக்கும் வேகத்தில் வலப்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்வது படத்தில் எனக்கே தெரிந்தது.

"எஞ்சின் எவ்ளோ பலமா இருந்து இன்னா?" என்றாள் அத்தை. "சக்கரம் ரோட்டைப் புடிக்கலையே."

அடுத்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மாவின் அண்ணன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். அதில் பாதி மூட்டையை அம்மாவிடம் சொல்லாமல் தூக்கிவந்து காரின் உள்ளே, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், வலப்பக்கத் தரையில் போட்டுக் கயிற்றால் கட்டினாள். ஏறி உட்கார்ந்து அழுத்தினாள். கார் மூக்கை மேலே தூக்கியது, பின்பக்கம் கீழே அமர்ந்தது, அப்படியே நேராகப் போய்விட்டது. புகை இல்லை, குதிப்பு இல்லை. ரோட்டின் கோடியில் அது திரும்பும்வரை மெக்கானிக் அண்ணன் இடுப்பில் கைவைத்தபடி நின்றார்.

"முப்பது கிலோ மல்லாட்டை பண்ற வேலையப் பாரு" என்றார்.

எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நான் நம்பினேன். வலப்பக்கம் மூட்டை இருந்தால் அத்தை ஜெயிப்பாள். மூட்டை இல்லையென்றால் தோற்பாள். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அத்தை என்னென்னவோ செய்தாள். சாயங்காலம் சாயங்காலம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தாள். வலப்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தாள். முன்பக்க ஷாக் அப்சார்பரைத் திருகித் தளர்த்தினாள், மூக்கு சட்டென்று எழுந்து பாரம் பின்னால் விழட்டும் என்று. பின் டயரில் காற்றைக் குறைத்தாள். கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏதேதோ நோட்டில் எழுதிவைத்தாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை மூட்டை இல்லாமலே கார் நேராக ஓடியதாம். அதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மா எனக்குப் பேன் பார்க்கிறேன் என்று காலை முழுக்க உட்காரவைத்துவிட்டாள். அந்தப் பேன்கள் இல்லாதிருந்தால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

பந்தயத்துக்கு முதல் நாள் அத்தை மூட்டையை அவிழ்த்துத் தூக்கிவந்து சமையலறையில் வைத்தாள். "அண்ணி, இத வறுத்துடுங்க" என்றாள். அம்மா மூட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

நான் அதிர்ந்துபோனேன். "மூட்டை இல்லாம எப்பிடி அத்தை?"

"மூட்டை கீட்டைலாம் உள்ள வச்சிக்கினு ஓட வுடமாட்டாங்க பாப்பா. அதான் பட்டை போட்டுட்டேன் இல்ல, அதே போதும்."

இரண்டு விரல் அகல இரும்புப் பட்டை ஒரு மூட்டையின் வேலையைச் செய்யும் என்பதை நான் நம்பவில்லை. பள்ளியில் எடை பார்த்தபோது நான் இருபத்தேழு கிலோ. மூன்று கிலோதான் கம்மி.

மறுநாள் பௌர்ணமி. அப்பாவுக்கு ஓய்வில்லாமல் சவாரி இருக்கும். அம்மா தன் மகளிர் குழுவோடு கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட வேண்டும். "அந்தக் கூட்டத்துல இவள யாரு பாத்துக்கறது? உன்கூடவே இட்டுக்கினு போ" என்று அப்பாதான் அத்தையிடம் சொன்னார். விடியும் முன்பே கிளம்பினோம். அத்தை காரை ஓட்டினாள். பின்னால் டயரும் சாமானும் ஏற்றிய குட்டி யானை வேனில் மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நான். வழியில் ஓட்டலில் நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். மேலே ஒரு பொங்கலும் கேட்டேன். சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். "கொழந்தைக்கு நல்ல பசி" என்று மெக்கானிக் அண்ணன் சந்தோஷப்பட்டார். நான் மூன்று கிலோவை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பந்தயம் நடந்த இடம் சென்னைக்கு இந்தப் பக்கம், எந்தக் காலத்திலோ விமானங்களுக்காகப் போட்டுக் கைவிட்ட ஒரு சிமெண்டு ஓடுதளம். மரமே கிடையாது. வெயில் காலையிலேயே கண்ணைக் குத்தியது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, ஒரு காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். பெண் ஓட்டுகிறாள் என்று அத்தையின் காரைச் சுற்றிக் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தது. அத்தை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டயருக்குக் காற்று அளந்துகொண்டிருந்தாள்.

காலையில் ஒரு பழகு ஓட்டம் விட்டார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிளம்பும் கோட்டுக்கு வருவதற்கு முன்பே அத்தையின் பின்சக்கரங்கள் நின்ற இடத்தில் சுற்றின. வெள்ளைப் புகை எழுந்து காரையே மறைத்துவிட்டது. டயர் சூடேறினால்தான் தரையைக் கவ்வும், அதற்காக எல்லோரும் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். பழைய வியாதி திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். புகை கலைவதற்குள் கார் போய்விட்டிருந்தது. அது எவ்வளவு நேராகப் போனது என்பதை நான் பார்க்கவேயில்லை.

மத்தியானம் கார்கள் வரிசையில் நின்றன. அத்தை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற காரின் நிழலில் ஒதுங்கியிருந்தாள். மெக்கானிக் அண்ணனிடம், மோர் விற்கிற அக்கா பக்கத்தில் நிழலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். "சமத்து" என்று தலையில் தட்டி அனுப்பினார். நான் வரிசையின் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். எங்கள் காரின் பின்கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளும் சூட்சுமம் எனக்குத் தெரியும். மூட்டை இருந்த அதே இடத்தில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். யாராவது வேண்டுமென்றே குனிந்து பார்த்தாலொழிய நான் இருப்பது தெரியாது.

தகரம் தோசைக்கல்லாக இருந்தது. பெட்ரோல் வாடை மூக்கை எரித்தது. அத்தை ஏறி உட்கார்ந்தாள். சீட்டின் பின்புறம் என் முகத்துக்கு அருகே லேசாக வளைந்தது. பெல்ட் பூட்டும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல." அத்தைக்கும் பயம் உண்டு என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு டயர்கள் சுற்ற ஆரம்பித்தன. சத்தம் காதுக்குள் வரவில்லை, பல்லுக்குள் வந்தது. புகை உள்ளே புகுந்தது. எழுந்து கத்திவிடலாமா என்று தோன்றியது. மூட்டை கத்தாது என்று சொல்லிக்கொண்டு கண்ணை இறுக மூடினேன்.

கார் நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு தரை என்னைவிட்டுப் போனது. முன்பக்கம் எழுந்தது, நான் பின்னால் வாரி எறியப்பட்டேன். மூட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோள் எதிலோ மோதியது. நான் அலறினேன்.

அந்த அலறல் அத்தைக்கு அத்தனை சத்தத்திலும் கேட்டிருக்கிறது. யாருமில்லாத காரில், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தையின் குரல். கார் ஏற்கெனவே இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியிருந்தது. அவள் காலை எடுத்தாள், பிரேக்கை அழுத்தினாள். கார் ஒரு முறை ஆடி, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் முட்டி நின்றது. கண்ணாடி சிதறும் சத்தம் கேட்டது. முன்விளக்கு ஒன்று என்று பிறகு தெரிந்தது.

எஞ்சின் அணைந்த பிறகு வந்த அமைதியைப் போல் ஒன்றை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. பெல்ட் கழன்றது. அத்தை ஹெல்மெட்டோடு திரும்பி, சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"மூட்டைக்குப் பதிலா நான் உக்காந்தேன் அத்தை" என்றேன்.

 அவள் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். கைகளை, விரல்களை, கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தோளைத் தொட்ட கை சிவப்பாக வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்து என்னைத் தூக்கியது அத்தை இல்லை, ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர்.  கூட்டத்தில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் அண்ணன் எங்கிருந்தோ ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் அவர் ஓட்டம் பாதியில் நின்றது. அதற்குமேல் கிட்டே வராமல் அங்கேயே நின்றார்.

ஆம்புலன்ஸில் நான்கு தையல் போட்டார்கள். போட்டி நடத்தியவர் வந்து விசாரித்தார். அத்தை எழுந்து நின்று, "தப்பு என்னுதுதாங்க. உள்ள பாக்காம வண்டிய எடுத்தது நான்தான்" என்றாள். நான்தான் ஒளிந்துகொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்திவிட்டாள். ஒரு வருஷம் ஓட்டக்கூடாது என்றார்கள். அத்தை தலையசைத்தாள்.

திரும்பும்போதும் அத்தை காரில் போக, நான் குட்டி யானையில் மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செய்யாறு தாண்டிய பிறகு அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "வலப்பக்கம் பட்டை போட்டு ஏத்தியாச்சு பாப்பா. காலையில கோடு போட்டாப்ல போச்சு. அதுமேல நீயும் போய்ப் படுத்தா வலது ஜாஸ்தி புடிக்கும், இடது வழுக்கும். அப்ப வண்டி இடதால திரும்பாம எங்க போவும்?"

 "அப்ப நான் இல்லன்னா அத்தை ஜெயிச்சிருக்குமா?"

அவர் வண்டியை ஓரம்கட்டி இறங்கினார். ஒரு புளியமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு வந்து ஏறினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். 

அத்தை இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஓட்டினாள், ஒரு கோப்பையும் வாங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த வரன் தட்டிப்போய், பந்தயம் உட்பட எல்லாம் தெரிந்த ஒருவரையே பிறகு கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் அவள் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பின்கதவைத் திறந்து குனிந்து பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் சாவி. அவளுடைய பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

அன்றைக்கு ஊருக்குள் பௌர்ணமிக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு நாங்கள் வீடு சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. அப்பா அடுத்த சவாரிக்கு முன் ஒரு வாய் சாப்பிட வந்திருந்தார். அம்மாவும் மாவு எடுத்துப்போக வந்திருந்தாள். வாசலில் இறங்கும்போதே நான் அத்தையின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "ஓடும்போது கீழ வுழுந்துட்டேன்னு சொல்லிடலாம் அத்தை" என்று கெஞ்சினேன். அவள் என் கையை மெல்ல விலக்கினாள். படியேறவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இவள் ஏன் தானே போய் மாட்டிக்கொள்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அப்பா சாப்பிட்ட கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கையில் பருக்கை காய்ந்துபோனது.  எழுந்து போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே குனிந்தார். பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தகரத் தரையில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். அப்பாவுக்குத் தொந்தி உண்டு. உள்ளே முழுக்க அடங்கவில்லை. வெள்ளை வேட்டியும் இரண்டு பாதங்களும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன்.

அம்மா அறைந்தாள். அதற்கு முன் அம்மா என்னை அடித்ததே இல்லை. தையல் போட்ட குழந்தையை ஒருத்தி அடிப்பாளா என்று நான் குரலெடுத்து அழுதேன். அத்தை என்னைச் சமாதானம் செய்ய வரவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இட்லி மாவுத் தூக்கு அவள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது.

அப்பா எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. வெளியே வந்தவர் கையில் என் சிவப்பு ரிப்பன் இருந்தது. நடுவில் கிழிந்திருந்தது.

"சீட்டு பூட்டியிருந்த இரும்புப் பட்டி முனையில சொருகிக்கினு இருந்துச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "தல வச்ச எடம்."

என் அழுகை சட்டென்று நின்றது. ஒரு பின்னல் அவிழ்ந்து கிடந்ததை வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ரிப்பனைத் தொலைத்ததற்கு அம்மாவிடம் திட்டு வேறு வாங்க வேண்டுமே என்று கவலையாக இருந்தது. கிடைத்துவிட்டது. ஓடிப்போய் அதன் நுனியைப் பிடித்து இழுத்தேன். அப்பா விடவில்லை. நான் மறுபடியும் இழுத்தேன். அவர் விரல்கள் இன்னும் இறுகின. ஒரு கிழிந்த ரிப்பனுக்காக இத்தனை பெரிய மனிதர் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.